கண்ணாடிப் பூச்சாடி ஏன் அடியில் வெடிக்கிறது?

கையால் ஊதிய கண்ணாடிப் பூச்சாடி சில சமயம் யாரும் தொடாமலே அலமாரியில் விரிசல் விடும். விரிசல் பெரும்பாலும் அடிப்பாகத்தில்தான் தொடங்கும். வாங்கியவர் தன் கைப்பிழை என்று வருந்துவார். உண்மையில், சாடி பிறந்த அன்றே அந்த விரிசலுக்கான காரணம் உள்ளே போயிருக்கும்.

அடி தடித்திருப்பதால்தான் இந்தத் தொல்லை. ஆனால் அடியைக் கனமாக வைக்காமலும் இருக்க முடியாது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வாங்கும் சம்பங்கித் தண்டு இரண்டடி நீளம் வரும். மொட்டும் பூவும் மேல்பாதியில். பத்துத் தண்டுகள் ஒரே பக்கம் சாய்ந்தால் லேசான சாடி குடைசாய்ந்துவிடும். 20 செ.மீ. உயரமும் 9 செ.மீ. அகலமும் உள்ள சாடிக்குச் சுவர் 4 மி.மீ., அடி 8 மி.மீ. என்பது நல்ல கணக்கு. அதற்கு ஏறக்குறைய 650 கிராம் கண்ணாடி பிடிக்கும்.

கடலூர் வெள்ளிக் கடற்கரை மணலை உருக்கினால் கண்ணாடி வருமா? வரும், ஆனால் தெளிவாக வராது. கடல் மணலில் கருப்பாகத் தெரியும் துகள்களில் இரும்பு உண்டு. அது கண்ணாடியைப் பச்சையாக்கும். அதனால்தான் இரும்பு நீங்கிய சிலிக்கா மணல் தேவைப்படுகிறது. தனி சிலிக்கா உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். சோடா உப்பு (சோடியம் கார்பனேட்) சேர்த்தால் அந்த வெப்பம் குறையும். ஆனால் சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும். அதைத் தடுப்பது சுண்ணாம்பு. உருகி முடிந்த கண்ணாடியில் சிலிக்கா 70 முதல் 74 சதவீதம், சோடா 13 முதல் 16, சுண்ணாம்பு 10 சுற்றி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோடா உப்பு ஈரம் இழுத்துக் கட்டிதட்டும். எடை போடும்போது தண்ணீரின் எடையும் சேர்வதால் சோடா குறைந்துபோகும். இறுக்க மூடிய டப்பாவில்தான் அதை வைக்க வேண்டும்.

ஊதும் இரும்புக் குழாயின் நுனியை முதலில் மங்கிய சிவப்பாகச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த இரும்பில் கண்ணாடி ஒட்டாது. உலையில் தேன்போல் இருக்கும் கண்ணாடியைச் சுழற்றி எடுத்து, குழாயில் ஊதியதும் அதன் வாயைக் கட்டைவிரலால் அடைக்கிறார்கள். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து தானாகவே குமிழியைத் திறக்கும். புதுச்சேரி அருகே உள்ள பழந்துறைமுகமான அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகளும் உள்ளே வெற்றிடம் விட்ட கண்ணாடியிலிருந்துதான் பிறந்தன: உருகிய கட்டியில் துளை விட்டு, நீண்ட குழாயாக இழுத்து, துண்டுகளாக நறுக்கினார்கள்.

குமிழி குளிர்ந்து கெட்டியானதும் அதன் மேல் இரண்டாம் முறை கண்ணாடி எடுத்து, நனைந்த, குழிவான மரக்கட்டையில் உருட்டுகிறார்கள். மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீராவிப் படலம் எழுவதால் இரண்டும் ஒட்டாது. சுழற்றுவதை ஒரு கணம் நிறுத்தினாலும் கண்ணாடி கீழே வழிந்து, ஒரு பக்கச் சுவர் தடித்து மறுபக்கம் மெலியும். அடியைத் தட்டையாக்கி, கழுத்தை இடுக்கியால் குறுக்கிய பிறகு, வேறொரு இரும்புக் கம்பியை அடியில் ஒட்டவைத்து, கழுத்துக் கோட்டில் தண்ணீர்ச் சொட்டு வைத்துத் தட்டினால் குழாய் பிரியும். அதன்பின் வாயைச் சுட்டு விரிக்கலாம். பிற்பகல் கடற்காற்று நேரே படும் வாசலருகே இதைச் செய்தால் கழுத்து வெடிக்கும்.

இத்தனை வேலையையும் விட, செய்த சாடியை மெல்ல ஆற்றுவதே முக்கியம். வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு சுருங்கப் பார்க்கும். இறுகிய வெளிப்புறம் சுருங்க விடாததால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். அதைத் தவிர்க்க, சாடியை ஏறக்குறைய 500 டிகிரியில் உள்ள சூளையில் வைத்து ஒரு மணி நேரமாவது நிறுத்தி, பிறகு மெல்ல இறக்க வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால், இறக்கும் வேகத்தை நான்கில் ஒன்றாக்க வேண்டும். ஆகவே கணக்குப் போட வேண்டியது 4 மி.மீ. சுவருக்கல்ல, 8 மி.மீ. அடிக்கு. அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான். இரவு முழுதும் சூளையைத் திறக்காமல் விடுவது நல்ல வழக்கம். வண்ணக் கண்ணாடி சேர்த்திருந்தால் இரண்டும் ஒரே அளவில் சுருங்கும் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு மெல்ல ஆற்றினாலும் பயனில்லை.

இழுவிசையைக் கண்ணால் பார்க்கவும் முடியும். எல்சிடி திரை உள்ள மடிக்கணினியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன் சாடியைப் பிடியுங்கள். போலராய்டு குளிர்கண்ணாடியைத் திரை இருளும்வரை திருப்பி, அதன் வழியே பாருங்கள். அடியில் பளிச்சென்ற திட்டுகளோ வண்ணப் பட்டைகளோ தெரிந்தால் அங்கே விசை தங்கியிருக்கிறது. அந்தச் சாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள்.

நன்றாக ஆறிய சாடியிலும் பிறகு வெண்மை படியலாம். போர்வெல் தண்ணீர் விட்டுவைக்கும் சுண்ணப் படிவு என்றால் வினிகரில் அரை மணி ஊறவைத்தால் போய்விடும். அப்படியும் மங்கல் மறையவில்லையென்றால், நெடுநாள் தேங்கிய நீர் சோடாவை இழுத்துக் கண்ணாடியின் மேல்தோலையே அரித்திருக்கிறது. அதைக் கழுவ முடியாது, சீரியம் ஆக்சைடு தூள் போட்டுத் தேய்த்து மெருகேற்றத்தான் வேண்டும்.