‘ஹாட்’ என்றால் சூடா, காரமா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், சோற்றில் கறி ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடை. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர் மீன் கறியைக் காட்டி, “ஹாட்?” என்று கேட்டார். கறி ஊற்றும் அண்ணன் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நோ ஹாட்” என்றார். பொய்யில்லை, கறி ஆறித்தான் போயிருந்தது. ஐந்து நிமிடத்தில் வெள்ளைக்காரரின் முகம் செம்பருத்திப்பூ.

நமக்குச் சூடு வேறு, காரம் வேறு. மலாயிலும் பானாஸ், பெடாஸ் என்று தனித்தனி. ஆங்கிலத்துக்குத்தான் சொல் பஞ்சம் என்று நினைத்திருந்தேன். ஆனால் நம் நரம்பும் ஆங்கிலக் கட்சிதான்.

காரம் நாக்கின் சுவை மொட்டுகளில் பிறப்பதில்லை. (அறுசுவையில் கார்ப்பைச் சேர்த்த முன்னோர் மன்னிக்க வேண்டும்.) அது வலி நரம்புகளின் வேலை. அவற்றின் நுனியில் டிஆர்பிவி1 என்ற புரதம் கதவு மாதிரி இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் கதவு திறக்கும். கால்சியமும் சோடியமும் உள்ளே பாயும். ‘சுடுது’ என்று மூளைக்குத் தகவல் போகும். மிளகாயிலுள்ள கேப்சைசின் அந்தக் கதவில் ஒட்டிக்கொண்டால், சூடே இல்லாமலும் அது திறந்துவிடும். மூளைக்கு வரும் தகவல் அதேதான். பாவம், அது வேர்க்க வைத்து உடம்பைக் குளிர்விக்கப் பார்க்கிறது. இந்தக் கதவை 1997இல் அடையாளம் கண்டது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு; 2021இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மிளகிலுள்ள பைப்பரினும் இதே கதவைத்தான் தட்டுகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புதுக்காய்க்கு ‘மிளகாய்’ என்று பெயர் வைத்தார்களே, அவர்கள் நாக்கை நம்பியவர்கள். ‘வாய் எரியுது’ என்று நாமும் நெருப்பைத்தானே இழுக்கிறோம்?

சரி, வெள்ளைக்காரர் என்ன ஆனார்? ஆவி பறக்கும் பால் தேநீரான தே தாரிக்கை அவசரமாக வாயில் வைத்துத் துள்ளினார். கேப்சைசின் ஒட்டியிருக்கும்போது கதவு குறைந்த சூட்டுக்கே திறக்கும். அவருக்கு அது கொதிநீர். அப்புறம் பச்சைத் தண்ணீர் குடித்தார். கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, பயனில்லை. கடைசியில் அண்ணனே ஒரு குவளை குளிர்ந்த பால் கொண்டுவந்து வைத்தார். பாலிலுள்ள கேசீன் புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும். குடித்து முடித்து, மூச்சு வாங்கி, “வெரி ஹாட்” என்றார் வெள்ளைக்காரர்.

அண்ணன் மறுபடி பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார்.