மூட்டை சுமப்பவர் எப்போது வேலை செய்கிறார்?

50 கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் சமதரையில் 100 மீட்டர் நடக்கிறார். அந்த நடையில் மூட்டையின் மீது அவர் செய்த வேலை எவ்வளவு என்று இயற்பியலைக் கேட்டால், ஏறக்குறைய பூஜ்யம் என்று சொல்லும். அவரிடமே போய் இதைச் சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

பொருளின் மீது ஒரு விசை செயல்படுகிறது. அந்த விசையின் திசையில் பொருள் எவ்வளவு தூரம் நகர்ந்ததோ, அதை விசையோடு பெருக்கினால் வருவதுதான் வேலை. மூட்டை விழாமலிருக்க அவர் மேல்நோக்கி 490 நியூட்டன் விசை கொடுக்கிறார். மூட்டையோ முன்னோக்கிப் போகிறது. நடையில் தலை லேசாக ஏறி இறங்குமே, அதற்காகத்தான் 'ஏறக்குறைய'. உண்மையான வேலை, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கியபோதே முடிந்துவிட்டது: 490 × 1.5 = 735 ஜூல்.

சரி, அப்புறம் ஏன் வேர்த்துக் கொட்டுகிறது? தசை நாருக்குள் மயோசின் என்ற புரதம் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு ஒன்று செலவு. ஆள் அசையாமல் நின்றாலும் இது ஓயாது. மேசை சும்மா தாங்குகிற மூட்டையைத் தாங்க, நம் உடம்பு சாப்பிட்ட சோற்றைச் செலவழிக்கிறது. அந்த ஆற்றல் மூட்டைக்குப் போய்ச் சேராமல் வெப்பமாகிவிடுகிறது. சிப்பிகள் இதில் நம்மைவிடக் கெட்டி. இரண்டு ஓடுகளையும் சேர்த்து மூடிவைக்கும் தசையின் ஒரு பகுதி இறுகிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். மணிக்கணக்கில் மூடிக்கிடக்க அவற்றுக்குக் கொஞ்சம் ஆற்றலே போதும்.

விசையைக் குறைக்க வழி உண்டு, வேலையைக் குறைக்கத்தான் வழியில்லை. 200 கிலோ பீப்பாயை 1.2 மீட்டர் உயர லாரியில் நேராகத் தூக்கி வைக்க 1,960 நியூட்டன் வேண்டும். தனி ஆளால் ஆகாது. 4.8 மீட்டர் பலகையைச் சாய்த்து அதில் உருட்டி ஏற்றினால் 490 நியூட்டன் போதும், ஆனால் தள்ள வேண்டிய தூரம் நான்கு மடங்கு. இரண்டு வழியிலும் 2,352 ஜூல்தான். உராய்வையும் சேர்த்தால் பலகை வழியில் கொஞ்சம் கூடவே ஆகும். கார் ஜாக்கியும் இதே பேரத்தைத்தான் செய்கிறது.

இந்தப் பெருக்கலுக்கு 'வேலை' என்று பெயர் வைத்து 1829-இல் நூல் எழுதியவர் பிரான்சின் கோரியோலி. புயல் சுழலும் திசையோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே ஆள்தான்.

நகர்வுக்கு எதிராக விசை இருந்தால் வேலைக்கு மைனஸ் குறி. பைக்கில் பிரேக் பிடிக்கும்போது நடப்பது அதுதான்: எதிர்விசை, ஓடிய தூரத்தால் பெருக்கப்பட்டு, பைக்கின் இயக்க ஆற்றல் முழுவதையும் கழிக்க வேண்டும். வேகம் இரட்டித்தால் அந்த ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் தரும் விசை அதேதான் என்பதால், தூரம்தான் நான்கு மடங்காக வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 6 மீட்டரில் நிற்கிற பைக், 60-இல் நிற்க 24 மீட்டர் எடுக்கும். கை பிரேக்குக்குப் போவதற்குள் ஓடிய தூரம் இதில் சேர்த்தியில்லை.