யாழ்ப்பாணத்து வானில் ஒரு பட்டைச் சுருள்

"சேர், இதுவோ? கண்ணாடியில ஊதிவிட்ட மாதிரிக் கிடக்கு." தொலைநோக்கியில் எம்83 விண்மீன் மண்டலத்தைப் பார்க்கிற உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகளில் பலர் இப்படித்தான் சொல்லுவினம். போனில் பார்த்த படத்திலோ நடுவே பட்டை, இருபுறமும் சிவப்பும் நீலமுமாகச் சுருள் கைகள். கமரா நெடுநேரம் ஒளியைச் சேர்த்துத் தந்த நிறம் அது. எங்கள் கண்ணுக்கு மங்கல் சாம்பல்தான். சுமார் 1.5 கோடி ஒளியாண்டு கடந்து வந்த வெளிச்சம், அந்தளவாவது தெரிகிறதே!

இதை முதலில் கண்டவர் பிரெஞ்சு வானியலாளர் லக்காய். 1752இல், தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்தபோது. அவருடைய தொலைநோக்கியின் வில்லை அரை அங்குலம்தான். இன்று கடையில் விற்கிற பைனாகுலர் அதைவிடப் பெரிது. 1781இல் பாரிஸிலிருந்து இதைப் பார்க்க இன்னொரு பிரெஞ்சு வானியலாளரான மெசியே பெரும்பாடு பட்டார். அங்கே அது அடிவானத்திலிருந்து 11 பாகைதான் ஏறும். யாழ்ப்பாணத்தில் 50 பாகை!

நடுப்பட்டை வாயுவை மையத்துக்கு இழுத்துவிடுவதால் அங்கே புது விண்மீன்கள் மும்முரமாகப் பிறக்கின்றன. 1923 முதல் 1983 வரை சுப்பர்நோவா எனும் ஆறு மீயொளிர் விண்மீன் வெடிப்புகளும் இதில் பதிவாகின. எங்கள் பால்வீதியும் பட்டைச் சுருள்தான். உள்ளே இருப்பதால் அதன் வடிவம் எங்களுக்குத் தெரிவதில்லை.

இவ்வளவு வசதியான இடத்தில் இருந்தும் ஊருக்குள் நின்று பார்க்க முடியாமல் இருப்பதற்கு எங்கள் மதில் லைற்றுகளே காரணம். வானத்தை நோக்கிப் பூட்டிய வெள்ளை எல்ஈடி, களவு பிடிக்கவும் உதவாது. பகலில் வானம் நீலமாக இருப்பதும் இரவில் இந்த வெளிச்சம் பரவி நிற்பதும் ஒரே காரணத்தால்: நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். மஞ்சள் பல்ப் போட்டு, மேலே மறைப்பு வைத்து, வெளிச்சத்தை நிலத்தில் விழவிட்டால் போதும்.

சித்திரை அமாவாசையை ஒட்டி, இரவு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் பாருங்கள். பறுவம் சரிவராது; அன்று நிலவு அந்தப் பக்கமே நிற்கும். புங்குடுதீவுப் பக்கம் போனால் நகர வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். சித்திரை நட்சத்திரத்திலிருந்து (ஸ்பைக்கா), கையை நீட்டிப் பிடித்து, ஒரு சாண் தெற்கே பைனாகுலரைத் திருப்புங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வேண்டும். இடையில் ஒருவர் போனைத் திறந்தால் திரும்ப முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். அதனால் பிள்ளைகளின் போன்களை வாங்கி வாகனத்துக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் நான் தொலைநோக்கியையே வெளியே எடுப்பது.