பொதிகையின் செருப்பு ஆர்க்கிட் ஏன் தானாகப் பெருகுவதில்லை?

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் செருப்பு ஆர்க்கிட் ஒன்றே ஒன்றுதான்: பாஃபியோபெடிலம் ட்ரூரை. 1865இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்த இச்செடி, கேரள–தமிழக எல்லையிலுள்ள அகத்தியமலை (பொதிகை) பகுதிக்கே உரியது. சுமார் 1,400 முதல் 1,600 மீட்டர் உயரத்தில், வெயில் படும் பாறைச் சரிவுகளில் புல்லுக்கிடையே வளரும். தண்டுக்கு ஒரு பூ. மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு. உதட்டிதழ் மட்டும் பைபோலக் குழிந்திருக்கும்.

அந்தப் பைதான் பொறி. உள்ளே தேன் கிடையாது. பாஃபியோபெடிலம் பேரினத்தின் பல இனங்களில் ஏமாந்து வருபவை மலர் ஈக்கள். விளிம்பில் வழுக்கி விழுந்த ஈ, வந்த வழியே ஏற முடியாது. உட்சுவர் அவ்வளவு வழுவழுப்பு. பின்சுவரில் உள்ள ரோமங்களைப் பற்றி ஏறினால், பை பூவோடு இணையும் இடத்தில் இரண்டு குறுகிய வாசல்கள். அங்கே முதலில் சூலகமுடி உரசும், அதன்பின் மகரந்தப்பை. எனவே முந்தைய பூவில் ஒட்டிய மகரந்தம் சூலகமுடியில் இறங்கிவிடும். இந்தப் பூவின் மகரந்தமோ ஈ வெளியேறும் தறுவாயில்தான் முதுகில் அப்பும். தன்மகரந்தச் சேர்க்கையைத் தவிர்க்க இதைவிட நேர்த்தியான அமைப்பு அரிது.

ஆனால் காய் பிடிக்க, ஒரே ஈ இரண்டு பூக்களில் ஏமாற வேண்டும். சேகரிப்பாளர்கள் கொத்துக் கொத்தாகப் பெயர்த்தெடுத்த சரிவில் அடுத்த பூ எட்டாத தூரத்தில் இருக்கும். எஞ்சிய செடிகள் பூத்தும் காய்க்காமல் போகும். அதனால்தான் பத்துச் செடிகளைத் திருடுவது பத்துச் செடிகளின் இழப்போடு நிற்பதில்லை.

காய்த்தாலும் சிக்கல் தீராது. தூசி போன்ற விதையில் சேமித்த உணவு இல்லை. மண்ணில் உரிய பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். கோடைக் காட்டுத்தீ நாற்றுகளை எரித்துவிடும்.

ஆய்வகத்தில் பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகர்க்கூழ் உதவுகிறது. காய் வெடிப்பதற்கு முன்பே பறித்து, மேற்புறத்தைக் கிருமிநீக்கி, விதையை இருட்டில் விதைக்கிறார்கள். முற்றிய விதையுறை நீரை எளிதில் உள்ளே விடாது என்பதால்தான் முன்பே பறிக்கிறார்கள். ஒரு பூசணவித்து புகுந்தாலும் குடுவை முழுவதும் பாழ். தப்பிய நாற்றுகள் பூக்கும் பருவம் அடையச் சில ஆண்டுகள் ஆகும். அவற்றை நட, ஈக்கள் வந்துபோகும் திறந்த சரிவும் வேண்டும்.

மலையிலிருந்து இச்செடியைப் பெயர்ப்பது இந்திய வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். பேரினம் முழுவதும் சைட்டிஸ் எனும் பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், காட்டிலிருந்து எடுத்தவற்றை நாடு விட்டு நாடு விற்கவும் தடை உண்டு.