காசநோய்க்கு வரும் வெளிநாட்டுப் பணம்: எங்கே போகிறது, நின்றால் எது முதலில் அறுகிறது

2025 ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாளுக்கு நிறுத்தி வைத்தது. மறுபரிசீலனை செய்யத்தான் என்றார்கள். சில நாட்களிலேயே ‘வேலையை நிறுத்துங்கள்’ என்ற கடிதங்கள் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஜூலை 1-ஆம் தேதி, அந்த உதவிகளைக் கொண்டுசேர்த்துவந்த அரசு அமைப்பான யுஎஸ்எய்டே செயல்பாட்டை முடித்துக்கொண்டது. பாலம் கட்டும் வேலை மூன்று மாதம் நின்றால், திறப்பு விழா மூன்று மாதம் தள்ளிப்போகும். காசநோய் சிகிச்சை அப்படியல்ல. மூன்று மாதம் விட்டவரை விட்ட இடத்திலிருந்து தொடரவைக்க முடியாது. இதற்கான காரணம் கிருமியின் இயல்பில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பணம் எங்கே முக்கியம், எங்கே முக்கியமில்லை என்பதும் விளங்கிவிடும்.

காசநோய்க் கிருமி நிதானமாகப் பெருகுவது. குடலில் இருக்கும் ஈ.கோலை, நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமி இரண்டாக 18 முதல் 24 மணி நேரம் ஆகும். மருந்துகள் பெரும்பாலும் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் தாக்கும். ஐசோநயாசிட் முதல் சில நாட்களிலேயே சுறுசுறுப்பான கூட்டத்தின் பெரும்பகுதியைக் கொன்றுவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் விடும், பசி எடுக்கும், நோயாளி வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் அரைத் தூக்கத்தில் கிடக்கும் கிருமிகள் அப்படியே இருக்கும். ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் அவற்றை அரித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகிறது. ஆறு மாதம் என்ற கணக்கு இப்படித்தான் வந்தது.

சிகிச்சையில் நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது ஏன் என்பதற்கு எளிய பெருக்கல் கணக்கு ஒன்று போதும். நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் 10 கோடிக் கிருமிகள் இருக்கலாம். ஐசோநயாசிட்டுக்கு மசியாத கிருமி ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று தானாகவே பிறக்கும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதது 10 கோடியில் ஒன்று. ஐசோநயாசிட்டை மட்டும் கொடுத்தால் அந்தக் குழியில் நூறு கிருமிகள் பிழைத்துக்கொண்டு பெருகும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் தப்பும் கிருமி கோடி கோடியில் ஒன்றுதான் இருக்க முடியும். அத்தனை கிருமி யார் உடலிலும் கிடையாது. மருந்துக் கிடங்கில் ஒரு மருந்து தீர்ந்துபோய் மிச்சமிருப்பதைக் கொடுத்தனுப்புவது, எதுவும் கொடுக்காததை விடக் கெடுதல் செய்யக்கூடியது. அது எதிர்ப்புக் கிருமியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் வேலை.

அதனால்தான் நான்கையும் ஒரே மாத்திரையில் அடைக்கிறார்கள்: ஐசோநயாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம். 50 முதல் 64 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு நான்கு மாத்திரை, 56 நாள். பிறகு பைரசினமைடு இல்லாத மூன்று மருந்து மாத்திரை, அதுவும் தினம் நான்கு, 112 நாள். மொத்தம் 168 நாள். ஒரு சுகாதார நிலையத்தில் இந்த எடையில் 20 பேர் இருந்தால் 28 நாளுக்கு 2,240 மாத்திரை வேண்டும். ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு வந்து சேர நான்கு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 9,000 மாத்திரை எப்போதும் வழியிலும் கிடங்கிலுமாக இருந்துகொண்டே இருக்க வேண்டும். 90 நாள் கொள்முதல் நின்றால் அந்த ஓட்டை உடனே தெரியாது. கையிருப்பு தீரும் மாதத்தில்தான் தெரியும். அதற்குள் உதவியே திரும்ப வந்திருந்தாலும் சரக்கு வர இன்னும் நான்கு மாதம் இருக்கும்.

இப்போது பணம். உலகில் 2023-ல் 1.08 கோடிப் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். அந்த ஆண்டு குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இந்நோய்க்குச் செலவான தொகை சுமார் 570 கோடி டாலர். 2027-க்குள் ஆண்டுக்கு 2,200 கோடி டாலர் என்பது ஐ.நா. கூட்டத்தில் நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கு. செலவானதில் ஏறக்குறைய 80 சதவீதம் அந்தந்த நாட்டின் சொந்தப் பணம். ‘அப்படியானால் வெளிநாட்டு உதவி ஐந்தில் ஒரு பங்குதானே, போனால் போகட்டும்’ என்று தோன்றலாம். இந்தச் சராசரி ஏமாற்றும். இந்தியா, சீனா, பிரேசில் போன்ற பெரிய நாடுகள் தங்கள் செலவைத் தாங்களே பெரும்பாலும் பார்த்துக்கொள்வதால் சராசரி உயர்ந்து தெரிகிறது. மிக ஏழை நாடுகளில் பரிசோதனையும் மருந்தும் பெருமளவு நன்கொடையை நம்பித்தான் நடக்கின்றன.

வெளியிலிருந்து வரும் காசநோய்ப் பணத்தில் நான்கில் மூன்று பங்கு, 2002-ல் ஜெனீவாவில் தொடங்கிய குளோபல் ஃபண்டு வழியாக வருகிறது. எய்ட்ஸ், மலேரியாவுக்கும் அதுதான் நிதி தருகிறது. அதன் உண்டியலில் மூன்றில் ஒரு பங்கு வரை போட்டுவந்தது அமெரிக்கா. மூன்றாண்டுக்கு ஒருமுறை நாடுகள் வாக்குறுதி தரும். 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் கூட்டத்தில் கேட்டது 1,800 கோடி டாலர், கிடைத்த வாக்குறுதி 1,134 கோடி. பணம் கைக்கு வரும் முறையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க உதவியில் நிறைய ஒப்பந்தங்களில் முதலில் செலவழித்துவிட்டு, பிறகு பில் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் 2025 ஜனவரியில் நின்றது எதிர்காலப் பணம் மட்டுமல்ல. செய்து முடித்த வேலைக்கான பில்களும் நின்றன. பெரிய நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. சிறிய தொண்டு நிறுவனங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின.

முதலில் அறுவது மருந்து என்று நினைக்கிறோம். அதற்கு வெகு முன்பே அறுவது சளி மாதிரி போகும் வழி. இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

சென்னையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் ஒருவர் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி குறைந்தது 2 மில்லி வேண்டும். எச்சில் வந்தால் பயனில்லை. அதில் கிருமி இருக்காது, முடிவு ‘இல்லை’ என்று வரும், நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய் இன்னும் பத்துப் பேருக்குக் கொடுப்பார். இதை நின்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த நிலையத்தில் ஜீன்எக்ஸ்பர்ட் போல, கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு கருவி இல்லையென்றால் குப்பியை மூடி, உறை போட்டு, குளிர்பெட்டியில் வைத்துக் கருவி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கான சளி 35 டிகிரிக்குள் மூன்று நாள் தாங்கும். மே மாதச் சென்னையில் நிழலிலேயே 40 டிகிரி. வண்டியின் பின்பெட்டியில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வகத்தில் சளியின் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கரைசல் விட்டுக் குலுக்குகிறார்கள். 15 நிமிடம் ஊறவிட்டு, நடுவில் இன்னொருமுறை குலுக்கி, 2 மில்லியை, ஒருமுறை மட்டும் பயன்படும் சோதனைப் பெட்டியான கார்ட்ரிட்ஜில் விடுகிறார்கள். மிச்சத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். உள்ளே வடிகட்டியில் கிருமி தங்கும். அதைக் கழுவி, மீயொலியால் உடைத்து, டிஎன்ஏவை வெளியே எடுத்து, ஆர்பிஓபி என்ற மரபணுவின் ஒரு சிறு துண்டைப் பலமடங்கு பெருக்கிப் பார்க்கிறது. அந்தத் துண்டு மாறியிருந்தால் ரிஃபாம்பிசின் வேலை செய்யாது என்று பொருள். இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, மருந்துக்கு மசியுமா என்ற இரண்டுக்கும் பதில். நுண்ணோக்கியில் ஸ்லைடு பார்ப்பதற்கு ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது வேண்டும். புதிய அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்கு இருபதுக்கும் குறைவாக இருந்தாலே போதும்.

கெடுவது எங்கே? சளி சரியாகக் கரையாமல் கட்டியாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி 2008 என்ற பிழை எண் வரும். ஒரு கார்ட்ரிட்ஜ் போச்சு. 2023-க்குப் பின் சலுகை விலையே 7.97 டாலர். பாதியில் மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தால் இன்னொன்று போச்சு. கருவியில் நான்கு அறைகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடும், ஒரு வேலை நாளில் மூன்று நான்கு சுற்று வரும். ஓர் அறை பழுதானால் ஆய்வகத்தின் திறனில் கால்பங்கு போய்விடும். ஆண்டுக்கொருமுறை அளவு சரிபார்க்கவும் வேண்டும். குளிர்சாதனம் ஓடாவிட்டால் அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும், கருவி முரண்டு பிடிக்கும். இதே வேலையைச் செய்யும், கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடுவதால் மின்சாரப் பிரச்சினை குறைவு. ஆனால் அதற்கும் சிப்பும் பராமரிப்பும் வேண்டும்.

கருவி வாங்கித் தர நன்கொடையாளர் எப்போதும் கிடைப்பார். நாடா வெட்டிப் படம் எடுக்கலாம். பராமரிப்பு ஒப்பந்தம், குளிர்பெட்டி, பெட்டியைக் கொண்டுபோகும் ஆளுக்குப் பெட்ரோல், முடிவை அன்றே போனில் சொல்பவரின் சம்பளம் ஆகியவற்றுக்கு யாரும் நாடா வெட்டுவதில்லை. பல நாடுகளில் இந்தச் சின்னச் சின்ன இணைப்புகள்தான் வெளிநாட்டுத் திட்டப்பணத்தில் ஓடுகின்றன. உதவி நின்ற வாரத்தில் கருவிகள் மேசையில் நல்லபடியாகத்தான் இருக்கும். அதற்குச் சளி வராது. மொத்தத்தில் சிறு பங்காக இருக்கும் பணம் பெரிய சேதம் செய்வது இந்த இடத்தில்தான்.

உதவி உருப்படியாக அமைந்ததற்குச் சென்னையே சாட்சி. 1928-ல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் நோயாளியை மாதக்கணக்கில் படுக்கவைத்து, நல்ல காற்று, நல்ல சாப்பாடு கொடுப்பதுதான் அன்றைய வைத்தியம். இந்தியா முழுக்கப் படுக்கைகளை விட நோயாளிகள் பல மடங்கு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு சிகிச்சை மையம் தொடங்கின. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், மறுபாதிக்கு வீடு. இரு பக்கத்துக்கும் அதே மருந்துகள், ஓராண்டு. வீட்டிலிருந்தவர்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய் மருந்தை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. நெரிசலான வீட்டில், குறைவான சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டு, மாத்திரை வீடு தேடி வந்ததற்கு அடிப்படை அந்த ஆய்வு. வெளியிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள், போனார்கள். ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஊழியர்களும் கணக்கு வைக்கும் முறையும் இங்கேயே தங்கின. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

பெடாக்விலின் கதை வேறு மாதிரி. பல மருந்துகளுக்கும் மசியாத காசநோய்க்கான இந்த மாத்திரை, யுஎஸ்எய்டும் தயாரித்த நிறுவனமும் சேர்ந்து நடத்திய இலவசத் திட்டம் வழியாக 2015 முதல் 2019 வரை பல நாடுகளுக்குக் கிடைத்தது. இந்தியாவில் 2016-ல் ஐந்து நகரங்களில் தொடங்கினார்கள், சென்னையும் அதில் ஒன்று. இலவசம் கதவைத் திறந்தது உண்மை. விலையை இறக்கியது வேறொன்று. காப்புரிமையை நீட்டிக்கக் கேட்ட மனுவை எதிர்த்து, நோயிலிருந்து மீண்ட இந்தியர் ஒருவரும் தென்னாப்பிரிக்கர் ஒருவரும் மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நீட்டிப்பை மறுத்தது. 2018-ல் 400 டாலராக இருந்த ஆறு மாத மருந்து, 2023-ல் கூட்டுக் கொள்முதலில் 130 டாலருக்கு வந்தது. ஒருமுறை விலை இறங்கினால் அது எந்த நாட்டின் தேர்தல் முடிவையும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

இந்தியாவைப் பொறுத்தவரை 1997-ல் உலக வங்கிக் கடனோடு திருத்தப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம், இன்று பெரும்பாலும் சொந்த வரிப்பணத்தில் ஓடுகிறது. அதனால் 2025-ல் சென்னையில் யாருக்கும் அமெரிக்கா நிறுத்தியதால் முதல்நிலை மாத்திரை நிற்கவில்லை. அடி வாங்கியது தொண்டு நிறுவனங்களின் களப்பணி, அமெரிக்கக் கூட்டு ஆராய்ச்சி போன்றவை. ஆனால் சொந்தப் பணம் என்றாலே சங்கிலி அறாது என்பதும் இல்லை. 2024 மார்ச்சில் மத்தியக் கொள்முதல் தடுமாறி, மூன்று மாதத்துக்கான மருந்தை மாநிலங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்தது. எந்த வெளிநாடும் அதற்குக் காரணமில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டக் கிடங்குகளிலிருந்து பாஸ்புக் முறையில் மருந்து கொடுக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீடு பாஸ்புக்கில் பணமாக இருக்கும். தேவையானதை எடுக்க எடுக்கக் கழியும். எங்கே எவ்வளவு போகிறது என்பது தெரிவதால் அடுத்த ஆர்டரை முன்கூட்டியே போட முடிகிறது. பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககம் இருப்பதும் இங்கே பெரிய பலம்.

2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்தப் பலத்தின் மேல் கட்டியது. அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் துணை நின்றது. நோய் உறுதியானதும் ஊழியர் எடை, உயரம், பாதத்தில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார். உடல் எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ், மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், நிற்க முடியவில்லை: இதில் எது இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்கும் ஏற்பாட்டுக்குப் போகிறது. தேவை எடைக்கருவி, விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு தாள், பயிற்சி பெற்ற ஓர் ஆள். காசநோய் இறப்புகளில் கணிசமானவை சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் நிகழ்வதால், அன்றே பார்ப்பது உயிரைக் காக்கும்.

இத்தனையையும் தாங்கி நிற்கும் அந்த ‘ஓர் ஆள்’ பல இடங்களில் ஒப்பந்த ஊழியர். சளிக் குப்பியைக் கொடுப்பவர், விட்டுப்போன நோயாளியை வீடு தேடிப் போய் அழைத்து வருபவர், நோயாளிகளின் விவரத்தை அரசின் நிக்ஷய் தளத்தில் பதிவேற்றுபவர், ஆய்வக டெக்னீஷியன் எனப் பலரின் நிலை அதுதான். இந்தப் பணியிடங்களை நிரந்தரப் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்த பிறகு வெளிநாட்டுப் பணம் வந்தால், அதைப் புதிய மருந்துச் சோதனைக்கும் தடுப்பூசி ஆராய்ச்சிக்கும் ஆய்வகக் கட்டடத்துக்கும் போடலாம். அந்த வேலைகள் ஆறு மாதம் நின்றாலும் நோயாளியின் நுரையீரலில் எதிர்ப்புக் கிருமி வளராது.