ஸ்டார்லிஃப்டரின் இறக்கையில் ஒரு பொடித் துளை

“நன்றாகப் பறந்த விமானத்தை ஏன் சார் வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள்?” அரிசோனா பாலைவனத்தில் வரிசையாக நிற்கும் ராணுவ விமானங்களின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். (இரும்பு குறைவு, அலுமினியமே அதிகம்.)

அமெரிக்க விமானப்படையின் சி-141 ஸ்டார்லிஃப்டரையே எடுத்துக்கொள்வோம். நான்கு ஜெட் எஞ்சின் பூட்டிய சரக்கு விமானம். 1963 டிசம்பரில் முதலில் பறந்தது, மொத்தம் 285 கட்டினார்கள், 2006-ல் ஓய்வு கொடுத்தார்கள். எஞ்சினைக் கழற்றி மாற்றிவிடலாம். இறக்கைதான் சிக்கல்.

பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். அதன் அடித்தகடு இழுபடும். தரையிறங்கினால் தளரும். கம்பியை மடக்கி மடக்கி ஒடித்தவர்களுக்கு உலோகச் சோர்வு தெரிந்த கதை. விரிசல் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஷாம்பு பாக்கெட்டை வழவழப்பான ஓரத்தில் பிடித்து இழுத்தால் வராது. பொடி வெட்டு இருக்கும் இடத்தில் இழுத்தால் சர்ரென்று கிழியும். தகட்டில் துளை இருந்தால், பாலத் தூணை ஒதுங்கிப் போகும் ஆற்றுநீர் மாதிரி, இழுவிசை இருபக்கமும் நெருக்கியடிக்கும். அகலமான தகட்டில் வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு (ஒரு சிறு பரப்பின்மேல் விழும் இழுவிசை) மூன்று மடங்கு என்று கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் 1898-லேயே கணக்குப் போட்டுவிட்டார். துளை குண்டூசி அளவானாலும் அதே மூன்று மடங்குதான்!

ஸ்டார்லிஃப்டரின் இறக்கைக்குள்தான் எரிபொருள். அது தேங்காமல் பம்புக்கு ஓடிவர, உள்ளே தடுப்பு விளிம்புகளில் வடிதுளைகள் போட்டிருந்தார்கள். 1993-ல் விரிசல் பெரிய தலைவலியானது அங்கேதான். பல விமானங்கள் தரையில் நின்றன.

வைத்தியம் அழகானது. துளையைவிடச் சற்றே தடித்த உருளையை அதற்குள் இழுத்து வெளியே எடுப்பார்கள். பிதுங்கிய உலோகத்தைச் சுற்றியுள்ள உலோகம் திரும்ப நெருக்கும். அந்த நிரந்தர நெருக்கலில் விரிசலால் எளிதில் வாய் திறக்க முடியாது. மேலே போரான் இழைகளால் ஆன ஒட்டுத்துண்டை ஒட்டுவார்கள். இந்த ஒட்டு வித்தையை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1970-களிலேயே வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். புது விமானம் வாங்க எந்த அரசும் விழா எடுக்கும். பழைய துளையை ஆராயப் பணம் கேட்டால் கோப்பு நகராது.

ஆனாலும் துளைகளோ ஏராளம், ஒவ்வொன்றையும் சோதித்தாக வேண்டும். அதற்குள் சி-17 என்ற புதிய சரக்கு விமானம் வந்துவிட்டது. வாசகர் பார்த்த அந்த அரிசோனா பாலைவனத்தில், டூசான் அருகே டேவிஸ்-மாந்தன் விமானப்படைத் தளத்தில் காற்று வறண்டது, துரு மெதுவாகத்தான் பிடிக்கும். அங்கே உதிரி பாகங்களைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை வெட்டுகிறார்கள். உலையில் உருகினால் நாற்பது வருடச் சோர்வும் போய்விடும். செம்பு கலந்த அலுமினியத் தகடும் துத்தநாகம் கலந்த அலுமினியத் தகடும் ஒன்றாக உருகினால்தான் விலை போகாது.