பாதுகாப்பு பேண்ட் செய்கிறீர்களா? ஹார்ட்பீட் சென்சாரை முதலில் கழற்றுங்கள்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தால் பெண்களுக்கான பாதுகாப்பு பேண்ட்தான், ஆபத்தில் வேண்டியவர்களுக்கு மெசேஜ் அனுப்பும் கைப்பட்டை. அதே கருப்பு ஸ்ட்ராப், அதே ஆர்டுயினோ நானோ கன்ட்ரோலர் போர்டு, மெசேஜ் அனுப்ப சிம்800எல் மாட்யூல், இடம் காட்ட நியோ-6எம் ஜிபிஎஸ், மேலே ஒரு ஹார்ட்பீட் சென்சார். லேபில் மெசேஜ் போகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து டவுன் பஸ் ஏறும் பெண்ணின் கையிலும் அது போகுமா என்று யாரும் கேட்பதில்லை.

"பயந்தால் துடிப்பு கூடும், நிமிடத்துக்கு 120 தாண்டினால் தானாகவே அலர்ட் போய்விடும்." இந்த வரி இல்லாத ரிப்போர்ட்டே கிடையாது. துடிப்பு கூடும், சரி. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் கூடும். மூன்று மாடி ஏறினாலும், காய்ச்சல் அடித்தாலும், வைவா ஹாலில் உட்கார்ந்தாலும் கூடும். வழக்கமாகப் போடும் மேக்ஸ்30102 தோலுக்குள் ஒளி பாய்ச்சி அளக்கிற சென்சார்; கையை வீசினாலே அளவு தாறுமாறாகும். கையைப் பிடித்து இழுக்கும்போதுதான் அது மிக மோசமாக அளக்கும்! வரம்பை ஏற்றினால் ஆபத்தில் பேசாது, இறக்கினால் தினம் நாலு பொய் அலர்ட். முதல் வாரம் அம்மா பதறி ஓடி வருவார். மூன்றாம் வாரம் மியூட்டில் போட்டுவிடுவார். அசைவை அளக்கும் அக்சிலரோமீட்டர் சேர்த்தால் சரியாகும் என்பவர்கள், அதைக் கட்டிக்கொண்டு ஒரு தடவை பஸ்ஸில் நின்றபடி போய்ப் பார்க்கட்டும்.

ஒரு பட்டன் போதும். விளிம்பைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ளே பதிந்திருக்கட்டும். 2 விநாடி அழுத்தினால்தான் வேலை செய்ய வேண்டும். 'மறுபடி அழுத்தினால் ரத்து' என்று மட்டும் புரோகிராம் எழுதிவிடாதீர்கள். பதற்றத்தில் விரல் திரும்பத் திரும்ப அழுத்தும், போன அலர்ட்டை அதுவே அழித்துவிடும். ரத்து செய்வது போனில், பின் நம்பர் போட்டு மட்டும் நடக்கட்டும். மெசேஜ் போனதும் மணிக்கட்டில் இரண்டு அதிர்வு கொடுங்கள், பஸர் வேண்டாம்.

அடுத்தது சிம். சிம்800எல் 2ஜி மட்டுமே பேசும். ஜியோவில் 2ஜி கிடையாது. சிக்னல் அனுப்பும் நொடியில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும், கேட்பது 3.4 முதல் 4.4 வோல்ட். நானோவின் 5 வோல்ட் பின்னில் சொருகினால் என்ன நடக்கும் என்று அதன் எல்ஈடியே காட்டும்: நெட்வொர்க் கிடைத்ததும் 3 விநாடிக்கு ஒருமுறை மின்னியது, கால் போட்டதும் அணைந்து, மறுபடி நொடிக்கொருமுறை மின்ன ஆரம்பிக்கும். மாட்யூல் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. நீங்களோ புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். லித்தியம் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள், பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இன்றைக்குப் புதிதாகச் செய்வதானால் 4ஜி கேட்-1 (சின்னக் கருவிகளுக்கான 4ஜி வகை) மாட்யூல்தான் வாங்க வேண்டும்.

போன் கூடவே இருக்கும் என்றால் பிஎல்ஈ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத்) பட்டனும் சிஆர்2032 காசு வடிவ செல்லும் போதும், பல மாதம் ஓடும். போனில் பேட்டரி ஆப்டிமைசேஷன் உங்கள் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். அதற்கு விலக்கு வாங்குங்கள்.

ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழேயே முதல் ஃபிக்ஸுக்கு, அதாவது இடத்தைக் கண்டுபிடிக்க, அரை நிமிடம் எடுக்கும். பஸ்ஸுக்குள், கட்டடத்துக்குள் கிடைக்காமலே போகலாம். பட்டன் அழுத்தியபின் தேடாதீர்கள். கடைசியாகக் கிடைத்த இடத்தை, நேரத்தோடு உடனே அனுப்பிவிட்டு அப்புறம் தேடுங்கள். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான், மேப் லிங்க்கையும் சேர்த்து எண்ணுங்கள். (கொம்பும் புள்ளியும்கூடத் தனியாக எண்ணப்படும்.)

டிபி4056 சார்ஜிங் போர்டு வந்தபடியே 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும். 400 எம்ஏஎச் செல்லுக்கு அது அநியாயம். சார்ஜ் அளவைத் தீர்மானிக்கும் ப்ரோக் ரெசிஸ்டரை 1.2கே-யிலிருந்து 5கே-க்கு மாற்றினால் 250 மில்லி ஆம்பியர் ஆகும். உப்பிய பேட்டரியை யார் கையிலும் கட்டாதீர்கள். தாக்குபவனுக்கு ஷாக் கொடுக்கும் சர்க்யூட்டும் வேண்டாம்: வியர்த்த கை, மின்பொறியில் ரீசெட் ஆகும் கன்ட்ரோலர், அவன் பிடுங்கினால் அவள் மீதே திரும்பும்.

போஸ்டரில் 'போலீசுக்கும் தகவல் போகும்' என்று தயவுசெய்து போடாதீர்கள். உங்கள் எஸ்எம்எஸ் போவது அண்ணனுக்கும் தோழிக்கும்தான். போலீஸ் வேண்டுமென்றால் 112-க்குக் கால் போக வேண்டும்.

ரிவ்யூவுக்கு முன்னால் லேப் மேஜையை விட்டு எழுந்து, போன் லாக் ஆகிப் பைக்குள் இருக்க, ஓடும் பஸ்ஸில் பத்து தடவை அழுத்திப் பாருங்கள். எத்தனை மெசேஜ் வந்தது என்பதை முதல் ஸ்லைடிலேயே எழுதுங்கள்.